ஆபீஸில் வாய் திறக்கவே பயமா? புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை பத்து மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங். எட்டுப் பேர். நேற்று என்ன செய்தேன், இன்றைக்கு என்ன செய்யப் போகிறேன், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஆளுக்கு அரை நிமிடம் பேச வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் முறைக்கு இன்னும் மூன்று பேர் இருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் ஏறவில்லை. சொல்ல வேண்டிய இரண்டு வரியை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறீர்கள். முறை வந்ததும் அந்த இரண்டு வரியும் எங்கேயோ ஓடிவிட, "சேம் அஸ் யெஸ்டர்டே" என்று முணுமுணுத்துவிட்டு மியூட்டில் ஒளிந்துகொள்கிறீர்கள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் வேலை ஓடுவதில்லை.

இது உங்களுக்கு நடக்கிறதென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சென்னை, கோவை ஐடி கம்பெனிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நான் புழங்கும் இடம் அதுதான். புது ஆட்களுக்கு வேலை பழக்கிவிடுவது என் வேலையில் ஒரு பகுதி. பேங்க், ஆஸ்பத்திரி, ஷோரூம் என்று எங்கே வேலை பார்த்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

சாதாரணக் கூச்சமா, அதற்கு மேலா?

புது இடத்தில் முதல் சில வாரங்கள் யாருக்கும் கொஞ்சம் உதறத்தான் செய்யும். அது தானாக அடங்கிவிடும். தனியாக இருப்பதையே விரும்பும் ஆட்களும் உண்டு. அவர்கள் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக எழுந்து போவார்கள். சமூகப் பதற்றம், அதாவது மனிதர்கள் முன் அவமானப்பட்டுவிடுவோமோ என்ற விடாத பயம், உள்ளவர் நிலை வேறு: எல்லோரோடும் சேர்ந்து உட்கார ஆசை இருக்கும், கால் போகாது. தனியாகச் சாப்பிடும்போதும் "என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ" என்ற நினைப்பு விடாது.

லண்டனில் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1966இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல வகைப் பயங்கள் எந்தெந்த வயதில் தொடங்குகின்றன என்று பார்த்ததில், மனிதர்கள் முன் அவமானப்பட்டுவிடுவோமோ என்ற பயம் பெரும்பாலும் பதின்ம வயதை ஒட்டித் தலைகாட்டுகிறது என்று தெரிந்தது. 1980இல் மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டின் மூன்றாம் பதிப்பு இதைத் தனிக் கோளாறாகச் சேர்த்துக்கொண்டது. இப்போது மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல் குத்துமதிப்பாக இதுதான்: பயம் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கிறதா, அதனால் வேலையோ படிப்போ உறவோ கெடுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் இதைப் படிப்பதோடு நிறுத்த வேண்டாம், கடைசிப் பகுதியையும் பாருங்கள். அதில் பாதி அளவுதான் என்றால் கீழே உள்ளவற்றைச் செய்து பார்த்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

காப்பாற்றுவது போல் நடிக்கும் தந்திரங்கள்

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் இந்தப் பயம் ஏன் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இன்று தரப்படும் சிகிச்சை பலவற்றுக்கும் அடிப்படை அதுதான். யோசித்துப் பாருங்கள்: லிஃப்டுக்குப் பயப்படுகிறவர் பத்து முறை லிஃப்டில் போனால் பயம் விட்டுப்போகும். நீங்கள் தினமும் ஆபீஸ் போகிறீர்கள், தினமும் மனிதர்களைப் பார்க்கிறீர்கள். அப்புறம் ஏன் பயம் குறையவில்லை?

இரண்டு காரணம். ஒன்று, பதற்றம் வந்ததும் கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா, கை ஆடுகிறதா என்று உங்களையே வேவு பார்க்கிறீர்கள். எதிரே இருப்பவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பது கண்ணில் படுவதே இல்லை. உள்ளே எவ்வளவு கலவரமோ அவ்வளவும் வெளியே தெரிகிறது என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

இரண்டாவது, தப்பிக்கச் செய்யும் சின்னச் சின்னத் தந்திரங்கள். கை நடுங்குவது தெரியாமலிருக்க டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பது. வேர்வை தெரியாமலிருக்க ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது. யாராவது வந்தால் போனை எடுத்து நோண்டுவது. மீட்டிங்கில் கடைசி நிமிடம் நுழைந்து முதல் ஆளாக வெளியேறுவது. மேனேஜரை "சார்" என்பதா பெயர் சொல்வதா என்று தெரியாமல் எதுவுமே சொல்லி அழைக்காமல், அவர் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் போய் நிற்பது. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் அதைச் செய்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

இந்தத் தந்திரங்கள் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் சொறியச் சொறிய அரிப்பு கூடுவது போலத்தான். மீட்டிங் நல்லபடியாக முடிந்தாலும், "வாயைத் திறக்காததால் தப்பித்தேன்" என்றுதான் மனசு கணக்குப் போடும். வாயைத் திறந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அது வாய்ப்பே தராது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. யாரையும் பார்க்காமல், பேசாமல், சட்டென்று கிளம்பிப் போகிறவரை மற்றவர்கள் கூச்ச சுபாவி என்று நினைப்பதில்லை. "ரொம்பத் திமிரு போல" என்பார்கள். நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதைத் தந்திரமே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

அதனால் இந்தக் கட்டுரையில் "தைரியமாக இருங்கள்" என்று எங்கேயும் சொல்லப் போவதில்லை. பயம் இருக்கட்டும். ஒளிவதை ஒவ்வொன்றாக விடுவதுதான் வேலை.

படி 1: ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். போனில் ஒரு நோட் திறந்து இரண்டே விஷயம் எழுதுங்கள். எதைத் தவிர்த்தேன்? தவிர்க்க முடியாதபோது எப்படி ஒளிந்தேன்? "மதியம் எல்லோரும் போனபின் இரண்டரைக்குச் சாப்பிடப் போனேன்." "கேமரா கெட்டுவிட்டது என்று பொய் சொன்னேன்." இந்த அளவுக்குச் சின்னதாக, நடந்ததை நடந்தபடி.

வாரக் கடைசியில் அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு சூழ்நிலைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மார்க் போடுங்கள். ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் காலத்திலிருந்து சிகிச்சையில் புழங்கும் முறை இது. துல்லியம் முக்கியமில்லை, வரிசை கிடைத்தால் போதும். உதாரணத்துக்கு ஒருவரின் பட்டியல் இப்படி இருக்கலாம்:

- வாசலில் செக்யூரிட்டி அண்ணனின் முகம் பார்த்து வணக்கம் சொல்வது: 15
- பக்கத்து சீட்காரரிடம் "டீக்குப் போலாமா?" என்று கேட்பது: 30
- சந்தேகத்தைத் திருத்தித் திருத்தி எழுதாமல் சாட்டில் அனுப்புவது: 40
- லஞ்ச் டேபிளில் எல்லோரோடும் உட்கார்வது: 50
- அதே சந்தேகத்தை நேரில் போய்க் கேட்பது: 55
- கேமராவை ஆன் செய்து ஸ்டாண்ட்-அப்பில் பேசுவது: 65
- பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது போன் பேசுவது: 70
- மீட்டிங் நடுவே "எனக்கு இது புரியலை" என்று சொல்வது: 80
- கிளையன்ட் முன்னால் டெமோ: 95

இதுதான் நீங்கள் ஏறப்போகும் ஏணி. உங்கள் வரிசை வேறாக இருக்கும். டெமோ அநாயாசமாகச் செய்துவிட்டு லஞ்ச் டேபிளுக்கு நடுங்குகிறவர்கள் நிறையப் பேர். டெமோவுக்கு ஸ்கிரிப்ட் உண்டு, சாப்பாட்டு மேசைக்குக் கிடையாது.

படி 2: முப்பது நாற்பது மார்க்கில் தொடங்குங்கள்

அடியிலேயே கிடந்தால் மாற்றம் தெரியாது. நேராக உச்சிக்குப் போனால் விழுந்து, "பார்த்தியா, நம்மால் ஆகாது" என்று திரும்பி வந்துவிடுவீர்கள். கொஞ்சம் உதறும், ஆனால் செய்துவிடலாம் என்று தோன்றும் இடத்தில் ஆரம்பியுங்கள். ஒன்றை ஒரு தடவை செய்துவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டாம். அதையே வாரத்துக்கு நாலைந்து தடவை செய்து, மார்க் பாதியாக இறங்கியபின் அடுத்தது. அந்த வகையில் ஆபீஸ் நல்ல இடம். திங்கள் விட்டதை செவ்வாயும் அதே ஆட்களோடு அதே நேரத்தில் செய்து பார்க்கலாம்.

ஒவ்வொரு முறையும் செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு வரியில் எழுதுங்கள். "இதைக் கேட்டால் ரெண்டு பேராவது சிரிப்பார்கள்." செய்து முடித்தபின் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். யார் சிரித்தார்கள்? சிரித்தார்களா, இல்லை சிரித்த மாதிரி உங்களுக்குத் தோன்றியதா? இந்த முன்-பின் குறிப்பை எழுதச் சோம்பல்படாதீர்கள். பயம் சொல்லும் ஜோசியம் எத்தனை தடவை பொய்க்கிறது என்பது தாளில் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

கூடவே, ஒரு முறைக்கு ஒரு தந்திரத்தை விடுங்கள். எங்கள் டீமில் சேர்ந்த ஒரு பையன் எங்கே போனாலும் கையில் தண்ணி பாட்டிலோடுதான் போவான். தாகத்துக்கு இல்லை. யாராவது கேள்வி கேட்டால் ஒரு மடக்கு குடிப்பான். யோசிக்க இரண்டு நொடி கிடைக்கும், முகத்தையும் மறைத்துக்கொள்ளலாம். அவனே ஒருநாள் இதைக் கவனித்து, பாட்டிலை மேசையிலேயே வைத்துவிட்டு மீட்டிங்குக்கு வந்தான். முதல் தடவை கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தான். கேள்வி வந்தபோது, "ஒரு நிமிஷம், யோசிச்சுச் சொல்றேன்" என்றான். யாரும் எதுவும் நினைக்கவில்லை. கேட்டவர் லேப்டாப்பில் தன் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் நம்மை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடனிருந்தவர்களும் செய்து 2000இல் வெளியிட்டது. பாடகர் பேரி மனிலோவின் முகம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் கல்லூரியில் அப்போது அதைப் போட்டுக்கொண்டு நடப்பது மானம் போகிற விஷயம். அப்படியே மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். போட்டுக்கொண்டவர்கள், அறையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது சுமார் கால்வாசிப் பேர்தான்.

ஸ்டாண்ட்-அப்பில் பேசுவது

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஃப்ரெஷர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

முழு வாக்கியங்களாக எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வார்த்தை தவறினால் மொத்தமும் நின்றுவிடும். மூன்று குறிப்பு மட்டும் ஒரு சீட்டில் எழுதுங்கள்: நேற்றைய வேலை, இன்றைய வேலை, தடை. "லாகின் பக் – முடிந்தது. ரிப்போர்ட் பக்கம் – இன்று. டேட்டாபேஸ் அனுமதி – வரவில்லை." மீதியை வாய் பார்த்துக்கொள்ளும்.

முடிந்தால் முதலிலோ இரண்டாவதாகவோ பேசுங்கள். காத்திருக்கும் நேரம்தான் பதற்றத்தை ஊதிப் பெரிதாக்குகிறது. காத்திருக்க நேர்ந்தால் உங்கள் வரிகளை ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, முன்னால் பேசுகிறவர் சொல்வதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் எதில் மாட்டியிருக்கிறார்? கவனம் வெளியே போனால் நெஞ்சுப் படபடப்பு தானாகக் கொஞ்சம் இறங்கும். முறை வந்ததும், "அவங்க சொன்ன அதே சர்வர் பிரச்சினை எனக்கும் இருக்கு" என்று அதிலிருந்தே தொடங்கலாம்.

குரல் நடுங்கினால்? நடுங்கட்டும். கென்னத் சாவிட்ஸ்கியும் அதே கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மேடையேறும் முன் சிலரிடம் "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது" என்று விளக்கினார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது, கேட்டவர்களும் அப்படித்தான் மார்க் போட்டார்கள்.

இங்கிலீஷ் விஷயத்தையும் பேசிவிட வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பலருக்குப் பயம் மனிதர்கள்மேல் இல்லை, கிராமர்மேல். டீமில் எல்லோரும் தமிழர்கள் என்றால் தயங்காமல் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுங்கள். லீடே அப்படித்தான் பேசுவார். வேற்று மாநிலத்தவர் இருந்தால் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்கள் போதும். தப்பு வரும். ஐடியில் "ரிவர்ட் பேக்" என்று இருபது வருட சர்வீஸ்காரர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஆனால் மொழிப் பயிற்சி வேறு, பதற்றத்துக்கான பயிற்சி வேறு. "இங்கிலீஷ் நன்றாக வந்தபின் பேசுகிறேன்" என்று தள்ளிப்போடுவதும் ஒளிவதில் ஒரு வகைதான்.

சந்தேகம் கேட்பது

அரை மணி நேரம் நீங்களே முயன்று பார்த்தும் நகரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு டெட்லைன் அன்று கேட்டால்தான் நிஜமாகவே கோபப்படுவார்கள்.

சாட்டில் வெறும் "ஹாய்" போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இரண்டு பேருக்கும் தொல்லை. உங்களுக்குப் பதில் வரும்வரை வயிறு கலங்கும், அவருக்கு எதற்கென்றே தெரியாது. விஷயத்தை ஒரே மெசேஜில் போடுங்கள்: "அண்ணா, ரிப்போர்ட் பக்கத்துல தேதி மாறி வருது. ஃபார்மட் மாத்திப் பார்த்தேன், கேச் கிளியர் பண்ணேன், சரியாகலை. அடுத்து எங்க பார்க்கணும்? அவசரமில்லை, ஃப்ரீ ஆனதும் சொல்லுங்க." என்ன பிரச்சினை, என்ன முயன்றேன், என்ன வேண்டும். ஒருமுறை படித்துவிட்டு அனுப்பிவிடுங்கள். மூன்றாவது முறை திருத்த ஆரம்பித்தால் அது தந்திரம். பதில் வர நேரமானால் அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுதான் உண்மையும்.

போன் பேசுவதற்கும் இதே மூன்று பகுதிதான். முதல் வரியை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பேச மீட்டிங் ரூமுக்குள் ஓடாதீர்கள். சீட்டிலிருந்தே பேசிப் பழகுங்கள்.

லஞ்ச் டேபிள்

நம்மூர் ஆபீஸ்களில் நட்பு உருவாவது மீட்டிங் ரூமில் இல்லை, டப்பா திறக்கும் மேசையில்தான். புளிசாதம் இந்தப் பக்கம் வரும், உருளைக்கிழங்கு வறுவல் அந்தப் பக்கம் போகும். பி.ஜி.யில் தங்கியிருப்பதால் கொண்டுவர எதுவுமில்லை என்று கூச்சப்பட்டு ஒதுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேன்டீன் தட்டோடு வந்து உட்காருங்கள். ஊருக்குப் போய் வரும்போது கொஞ்சம் முறுக்கோ கடலை மிட்டாயோ கொண்டுவாருங்கள், கணக்கு நேராகிவிடும்.

முதல் நாள் பேசியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்வது மட்டும் ஒரு படி. போனை எடுக்காமல் உட்கார்வது அடுத்த படி. ஒரு கேள்வி கேட்பது மூன்றாவது: "இது எங்க வாங்கினது?", "நேத்து மேட்ச் பாத்தீங்களா?", "இந்த மழையில வேளச்சேரி பக்கம் எப்படி வந்தீங்க?" புத்திசாலித்தனமாக இருக்க வேண்டியதில்லை. பேசுவதைவிடக் கேட்பதுதான் சுலபம், நன்றாகக் கேட்கிறவர்களைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும்.

பதில் சொல்லச் சங்கடமான கேள்விகளும் அங்கேதான் வரும். கல்யாணம் எப்போ, சம்பளம் எவ்வளவு, அப்பா என்ன பண்றாங்க. "சொந்த ஊர் எது" என்று தொடங்கி, "அங்க எந்தத் தெரு, என்ன ஆளுங்க" என்று ஜாதியைத் துழாவுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது வரும் இறுக்கத்தை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்விதான் கோணல். "அதெல்லாம் எதுக்குங்க, சாம்பார் கொஞ்சம் ஊத்துங்க" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிடலாம். மறுபடி மறுபடி துழாவினால் வேறு மேசைக்கு மாறிவிடுங்கள். அதை ஒளிவதில் சேர்க்க வேண்டியதில்லை.

மேனேஜரிடம் சொல்லலாமா?

நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்கு என்ன உதவும் என்பதைச் சொல்லலாம், அதை நான் சிபாரிசும் செய்வேன். அவரோடு தனியாகப் பேசும் ஒன்-ஆன்-ஒன் சமயத்தில், "பெரிய மீட்டிங்ல சட்டுனு கேட்டா எனக்குப் பேச்சு வராது சார். முந்தின நாள் சொல்லிட்டீங்கன்னா தயார் பண்ணிட்டு வந்துடுவேன். கொஞ்ச கொஞ்சமா பழகிக்கிறேன்" என்றால் ஓரளவு நல்ல மனிதர் யாரும் மறுக்க மாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லும் கம்பெனியில் வாய் வரவில்லை என்றால் சில மாதம் "சார்" என்றே இருக்கட்டும், குடி முழுகிவிடாது. எதுவும் சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பதைத்தான் விட வேண்டும்.

மேனேஜரே பத்துப் பேர் முன்னால் கத்துகிறவர், மட்டம்தட்டுகிறவர் என்றால் கதை வேறு. அவர்மேல் வரும் பயத்துக்கு மார்க் போட்டு ஏணி கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். தேதி போட்டு நடந்ததை எழுதி வையுங்கள், ஹெச்ஆருக்கு மெயில் போடுங்கள், டீம் மாறக் கேளுங்கள், வேறு வேலையும் தேடுங்கள். பெண்களுக்கு: நடப்பது பாலியல் சீண்டல் என்றால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம்வரை குழு நீட்டிக்கலாம்.

ராத்திரி ஓடும் ரீப்ளே

படுத்தபின் அன்றைய மீட்டிங் மறுபடி ஓடும். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ." இதுவும் அந்த 1995 விளக்கத்திலேயே உள்ள பகுதிதான். நினைக்க நினைக்க நடந்தது மோசமாகிக்கொண்டே போகும், ஏனென்றால் நினைவில் பதிந்திருப்பது உங்கள் நெஞ்சுப் படபடப்புத்தான், மற்றவர்கள் முகமில்லை. படுக்கையில் அலசாதீர்கள். சாயங்காலமே, கேப்பிலோ பஸ்ஸிலோ, முன்-பின் குறிப்பை எழுதி முடித்துவிடுங்கள். ராத்திரி மறுபடி வந்தால் "எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். வாரக்கணக்கில் செய்தால்தான் படியும். நண்பரிடம் "நான் பேசினது கேவலமா இருந்துச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு ஆறுதல் வாங்குவதையும் குறையுங்கள்.

உடம்புக்கு என்று தனியாக அதிகம் சொல்ல எதுவுமில்லை. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கும்படி ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் படபடப்பு கொஞ்சம் தணியும். காபி நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும். மீட்டிங்குக்கு முன் டபுள் ஸ்ட்ராங் வேண்டாம். டீம் பார்ட்டியில் இரண்டு பெக் போட்டால் பேச்சு வருகிறது என்று கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது எல்லாத் தந்திரத்திலும் மோசமான தந்திரம், அதை விடுவதற்குத் தனி வைத்தியம் தேவைப்படும்.

எப்போது டாக்டர்?

இரண்டு மூன்று மாதம் முயன்றும் ஏணியில் முதல் படியே ஏற முடியவில்லை, காலையில் ஆபீஸை நினைத்தாலே வாந்தி வருகிறது, லீவு கூடிக்கொண்டே போகிறது, புரமோஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், குடி கூடியிருக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது – இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் இன்றைக்கே.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மேலே சொன்ன ஏணி, தந்திரங்களை விடுவது, கவனத்தை வெளியே திருப்புவது எல்லாம் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையின் பகுதிகள்தான். அதை ஒரு நிபுணர் உங்களுக்கென்று அளந்து தருவார். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டல் இதைத்தான் முதல் சிகிச்சையாகச் சொல்கிறது: கிளார்க்-வெல்ஸ் முறையில் ஒன்றரை மணி நேர அமர்வுகள் 14 வரை, சுமார் நாலு மாதத்தில். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளும் உண்டு. அவை வேலை செய்யச் சில வாரம் ஆகும், டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக் கூடாது. பிரசன்டேஷனுக்கு முன் போட்டுக்கொள் என்று நண்பர் நீட்டும், நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனோலால் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

எங்கே போவது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் புறநோயாளிப் பிரிவு உண்டு. அந்த ஊர்ப் பெயரை வைத்து நம்மவர்கள் செய்த கிண்டலில் எத்தனை பேர் சிகிச்சைக்கே போகாமல் நின்றார்களோ. நேரில் போகத் தயக்கமென்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். பெரிய கம்பெனிகள் பலவற்றில் வெளி நிறுவனம் மூலம் கவுன்சலிங் ஏற்பாடு இருக்கும். பேசுவது மேனேஜருக்குப் போகாது என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. கம்பெனி பாலிசியில் ஓ.பி. செலவு வருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்து பேசுவதே பயமாக இருக்கும் என்றால், அந்த முதல் வாரக் குறிப்பை பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வையுங்கள். "இதைப் படிச்சுப் பாருங்க டாக்டர்" என்ற ஒரு வரி போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.